காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: காரணத்தை நீங்களே தேடிப் பிடிக்கும் வழி

ராத்திரி நல்லபடியாக நிறுத்திய கார், காலையில் அடம் பிடிக்கிறது. செல்ஃப் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, நாலாவது ஐந்தாவது தடவையில் இருமிக்கொண்டே பிடிக்கிறது. ஒருமுறை பிடித்துவிட்டால் அன்று முழுக்க ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால், அவர் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. "நல்லாத்தானே சார் இருக்கு?" என்கிறார். மறுநாள் காலை மறுபடி அதே பாடு.

இந்தக் கோளாறின் குணமே இதுதான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் முகம் காட்டும். ஸ்டார்ட் ஆகிச் சூடான இன்ஜின் முழுசாகக் குளிர ஆறேழு மணி நேரம் வேண்டும். அதனால் ஒரு காலைக்கு ஒரு சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காலையில் டெர்மினலைச் சுத்தம் செய்து, பிளக்கை மாற்றி, ஃபில்டரையும் தட்டிப் போட்டு, வண்டியும் ஸ்டார்ட் ஆகிவிட்டால், எது சரிசெய்தது என்று உங்களுக்குத் தெரியாது. பத்து நாள் கழித்து அது திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

நான் வட சென்னையில், ராயபுரம் கல்மண்டபம் பக்கம் இருக்கிறேன். 2005 மாடல் சின்ன கார், தெருவோரத்தில்தான் நிற்கும். ஒரு மார்கழியில் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. பட்டறையில் முதலில் பேட்டரி மாற்றினார்கள். அப்புறம் நாலு பிளக். அப்புறம் பெட்ரோல் பம்ப். எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் போனது, காலையில் வண்டி மட்டும் மாறவில்லை. மாற்றிக் கொடுத்தவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. சூடான வண்டியை வைத்துக்கொண்டு ஊகிக்கத்தான் முடியும். குளிர்ந்த வண்டியின் பக்கத்தில் காலையில் நிற்பவர் நீங்கள் மட்டும்தான். அதனால் இந்தத் தேடலில் பாதி வேலை உங்களுடையது.

இங்கே சொல்வது கார்புரேட்டர் போய், இன்ஜெக்டரால் பெட்ரோலை அளந்து தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வந்த காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு. மாருதி 800 எம்பிஎஃப்ஐ, ஆல்டோ, வேகன் ஆர், சாண்ட்ரோ, பெட்ரோல் இண்டிகா மாதிரியான வண்டிகள். டீசல் வண்டியின் ஹீட்டர் பிளக் விவகாரம் வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

சென்னையில் என்ன பெரிய குளிர் என்று கேட்கலாம். மார்கழி, தை விடியற்காலையில்கூட இங்கே 20, 21 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். ஆனால் ஓடும்போது 90 டிகிரியில் இருக்கும் இன்ஜினுக்கு 20 டிகிரியும் குளிர்தான், 30 டிகிரியும் குளிர்தான். பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவிதான் எரியும். குளிர்ந்த இன்ஜினில் தெளிக்கிற பெட்ரோலில் ஒரு பங்கு ஆவியாகாமல் உள்சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் குறையை ஈடுகட்ட, காலையில் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் கொடுத்தாக வேண்டும்.

பழைய அம்பாஸடர், ஃபியட் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். சோக்கை இழுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை இரண்டு மிதி மிதித்து, அப்புறம்தான் செல்ஃப் அடிப்பார்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் சோக் செய்த வேலையை ஈசியூ என்கிற கம்ப்யூட்டர் பெட்டி செய்கிறது. கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர், எவ்வளவு சூடு என்று ஒரு டெம்பரேச்சர் சென்சர் சொல்லும். அதைக் கேட்டு ஈசியூ இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது காற்று விடும் ஐடில் வால்வைத் திறந்து காற்றையும் கூட்டிவிடும். அதனால்தான் நல்ல வண்டி காலையில் 1,200, 1,500 ஆர்பிஎம்மில் கொஞ்சம் சத்தமாக நின்று, சில நிமிஷத்தில் தானாக 800, 900க்கு இறங்குகிறது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடும் பழக்கம் இதில் பயன்படாது. செல்ஃப் அடிக்காமல் மிதித்தால் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட உள்ளே போகாது.

கடற்கரை ஓரத்து ஊர் என்பதையும் கணக்கில் வையுங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் தெருவில் நிற்கும் வண்டிக்கு உப்புக் காற்று ஓயாது. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்துக் காலை மக்கருக்குக் குளிரைவிட உப்பும் ஈரமும்தான் அதிகம் காரணம். தேடும்போது கண் முதலில் இணைப்புகள் மேல் போகட்டும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிளக் ஸ்பேனர், டார்ச், பழைய டூத் பிரஷ், சமையல் சோடா, ஒரு நோட்டு. எந்தச் சோதனைக்கும் முன்னால் கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றும் இடத்தில் பீடி, சிகரெட், தீப்பெட்டி எதுவும் வேண்டாம். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட வேண்டாம். பெட்ரோல் லைனை நீங்கள் கழற்றவே கூடாது. உள்ளே அழுத்தத்தோடு பெட்ரோல் நிற்கும், பீய்ச்சி அடித்தால் கண்ணுக்கும் ஆபத்து, தீக்கும் ஆபத்து.

முதல் காலை: எதையும் தொடாதீர்கள்

இதுதான் எல்லோரும் தாண்டிப் போகும் படி, எனக்கு இதைவிட முக்கியமான படி வேறு இல்லை. முதல் நாள் காலையில் வேடிக்கை பார்ப்பதும் எழுதி வைப்பதும் மட்டும்தான் வேலை. முடிந்தால் போனில் வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரு அமைதியாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஃபேனையும் ரேடியோவையும் அணைத்துவிட்டு, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பின் சீட்டுப் பக்கமிருந்து இரண்டு வினாடிக்கு ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்டு நிற்கும். பெட்ரோல் பம்ப் லைனில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. கேட்டதா, இல்லையா? மீட்டரில் மஞ்சள் நிற செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? அது எரியவே இல்லை என்றால் ஈசியூவுக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது பல்பு போய்விட்டது. சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியை எடுத்துப் பாருங்கள்.

இப்போது ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து வினாடி போதும். அப்புறம் அரை நிமிஷம் இடைவெளி விடுங்கள். விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகிக் கெடும், எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் இருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய்ச் சேரும். செல்ஃப் விறுவிறுவென்று சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, வெறும் டிக் சத்தம் மட்டுமா? எத்தனையாவது தடவையில் பிடித்தது? பிடித்ததும் ஆர்பிஎம் ஏறியதா, உடனே அணைந்ததா? புகை கறுப்பா, வெள்ளையா? பெட்ரோல் வாடை அடித்ததா? லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பிடிக்கிறதா, முழுசாக மிதித்தால்தான் பிடிக்கிறதா?

என் நோட்டில் முதல் நாள் எழுதியது இது: "பம்ப் சத்தம் உண்டு. செல்ஃப் நன்றாகச் சுற்றியது. 4வது தடவை. ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தபோதுதான் பிடித்தது. கறுப்புப் புகை. பெட்ரோல் வாடை." இந்த நாலு வரி முன்னாலேயே கையில் இருந்திருந்தால் பேட்டரிக்கும் பம்புக்கும் பணம் போயிருக்காது.

செல்ஃப் இழுத்துச் சுற்றினால்

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். சாவியைத் தொடுவதற்கு முன், ராத்திரி முழுக்க நின்ற பேட்டரியில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. வீட்டில் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி மீட்டரைப் பாருங்கள். அந்த நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஸ்டார்ட் ஆன பிறகு 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சார்ஜ் செய்கிறது.

பேட்டரி சரியாக இருந்தும் செல்ஃப் இழுத்தால், புதுப் பேட்டரிக்குப் பணம் எடுத்து வைக்காதீர்கள், எர்த் ஒயரைப் பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், சிவப்பை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த ஒயரிலோ அதன் போல்ட்டிலோ துரு இருக்கிறது. எங்கள் பக்கம் இது சர்வ சாதாரணம். மேலே பார்த்தால் ஒயர் நன்றாகத்தான் இருக்கும், பாடியில் முடுக்கிய போல்ட்டைக் கழற்றினால் அடியில் செம்பழுப்பாகப் பொடி கொட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு, சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான தண்ணீரும் டூத் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துவிடலாம். அந்தத் தண்ணீர் பேட்டரி செல்லுக்குள் போகக் கூடாது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது பற்றி ஒரு வார்த்தை. பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் பிடிக்கலாம். சுத்தமாகக் காலி என்றால் பம்பும் ஈசியூவும் வேலை செய்யாது, கொருக்குப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை வரை தள்ளினாலும் பிடிக்காது. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப்பர் கேபிள் போடுவதே நல்லது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால்

அடுத்த காலை சாவி வித்தையைச் செய்யுங்கள். சாவியை ஆன் செய்து பம்ப் சத்தம் நிற்கும் வரை பொறுத்து, ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று தடவை. அப்புறம் செல்ஃப் அடியுங்கள். வழக்கமாக அடம் பிடிக்கும் வண்டி இன்று சட்டென்று பிடித்துவிட்டால், ராத்திரியில் லைன் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். பம்பில் பெட்ரோல் பின்னால் இறங்காமல் தடுக்கும் சின்ன வால்வு ஒன்று உண்டு. பழைய வண்டியில் அது பிடிப்பு விட்டுப்போகும். பம்ப் மாற்றும் வரை இந்தச் சாவி வித்தையோடே ஓட்டலாம், அவசரம் இல்லை. லைன் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரஷர் ரெகுலேட்டர் பானெட்டுக்குள் இருக்கும் வண்டியானால், அதன் மேலே போகும் மெல்லிய வாக்குவம் குழாயை இன்ஜின் ஆஃபில் இருக்கும்போது உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் உள்ளே டயஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது.

மூன்று தடவை சாவி போட்டதும் முன்பைவிட மோசமாகிப் பெட்ரோல் வாடை தூக்கினால் அது வேறு விஷயம். ஏதோ ஒரு இன்ஜெக்டர் மூடாமல் சொட்டுகிறது, ஏற்றுகிற பெட்ரோலெல்லாம் உள்ளே வழிகிறது. அதைப் பட்டறையில் கழற்றித்தான் சோதிக்க வேண்டும்.

பம்ப் சத்தமே கேட்கவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், அப்புறம் பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்சான ரிலே. பல வண்டிகளில் ஃபியூஸ் டப்பாவில் ஒரே மாதிரி இரண்டு ரிலே இருக்கும். ஹார்ன் ரிலேயின் நம்பரும் பம்ப் ரிலேயின் நம்பரும் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், காசில்லாத சோதனை. கேஸ் கிட் போட்டு எப்போதும் கேஸிலேயே ஓட்டுகிறவர்கள் டேங்கில் இரண்டு லிட்டர் பெட்ரோலோடு மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் பம்ப் குளிர்ச்சியாக இருக்கும். கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய காலத்து ரப்பர் குழாய்களுக்கும் அது அவ்வளவு ஒத்துவராது. இரண்டு மாதம் ஓட்டாமல் நிறுத்திய வண்டி என்றால் புதுப் பெட்ரோல் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

பம்பும் அழுத்தமும் சரியென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காலையில் மூன்று நாலு தடவை செல்ஃப் அடித்தும் பிடிக்காத அந்த நேரத்திலேயே கழற்ற வேண்டும், ஓட்டிவிட்டு வந்து கழற்றினால் ஒன்றும் தெரியாது. எந்த பிளக் எந்த சிலிண்டர் என்று வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் வந்தது எரியவில்லை, அல்லது அளவுக்கு மீறி வந்திருக்கிறது. ஒரே ஒரு பிளக் மட்டும் நனைந்து இனிப்பான வாடை அடித்தால் அது கூலன்ட். இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் ராத்திரியெல்லாம் கசிகிறது, ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் மிஸ்ஸிங்கோடு வெள்ளைப் புகை வரும், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போகும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மழை நாளில் மட்டும் மக்கர் என்றால் பிளக் ஒயர்கள் மேல்தான் சந்தேகம். ராத்திரி, தெரு விளக்குக்கு மறைவாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது எட்டி நின்று பாருங்கள். ஸ்பிரே பாட்டிலால் ஒயர்களின் பக்கம் லேசாகத் தண்ணீரைப் பனி மாதிரித் தெளியுங்கள். ஒயரின் ரப்பரில் வெடிப்பு இருந்தால் அங்கிருந்து இன்ஜினுக்கு நீலமாகப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கை வைக்காதீர்கள், அது ஆயிரக்கணக்கான வோல்ட். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டிகளில் அதன் மூடிக்குள் ஈரம் கோத்திருக்கும். கழற்றி, துடைத்து, வெயிலில் காயவைத்து மாட்டினால் அன்றைக்குச் சரியாகிவிடும். மூடியில் பென்சில் கோடு மாதிரி விரிசல் தெரிந்தால் மாற்றியாக வேண்டும்.

எலியையும் மறக்காதீர்கள். குடோன், மார்க்கெட் பக்கம் நிறுத்துகிறவர்கள் பானெட்டைத் திறந்ததும் முதலில் ஒயர்களைத்தான் பார்ப்பார்கள். இன்ஜின் சூட்டுக்கு ராத்திரி வந்து படுக்கும் எலி, மெல்லிய சென்சர் ஒயர்களைக் கடித்துப் போட்டுவிடும். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் உள்ளே கூடு கட்டியிருப்பதும் உண்டு.

டெம்பரேச்சர் சென்சர்

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நான் வந்து சேர்ந்த இடம் இது. வெறும் காலை மக்கர் என்றால், மலிவான காரணங்களில் இதுதான் அதிகம் கண்ணில் படாமல் போகிறது என்பது என் அனுபவம்.

தெர்மோஸ்டாட் உறைக்குப் பக்கத்தில், கூலன்ட் ஓடும் இடத்தில் திருகியிருக்கும் பித்தளைத் துண்டு. சில வண்டிகளில் இரண்டு இருக்கும். ஒற்றை ஒயர் போவது மீட்டரில் முள் காட்டுவதற்கு. இரண்டு ஒயர் போவது ஈசியூவுக்கு. நமக்கு வேண்டியது இரண்டு ஒயர் உள்ளது. சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். இந்தக் கார்களில் பெரும்பாலும் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும்.

இது கெடுவதில் இரண்டு விதம். குளிர்ந்த இன்ஜினைச் சூடு என்று சொன்னால் ஈசியூ காலையில் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும். பிளக் காய்ந்திருக்கும், லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து ஏமாற்றி ஏமாற்றி ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். இருக்கிற சூட்டையும் குறைத்து, பனிமலையில் நிற்கிற மாதிரி சொன்னால் ஈசியூ பெட்ரோலைக் கொட்டும். பிளக் நனையும், கறுப்புப் புகை வரும், மைலேஜ் இறங்கும். இந்த இரண்டாவது வகையில்தான் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துச் செல்ஃப் அடித்தால் பிடிக்கும். முழுசாக மிதித்துச் செல்ஃப் அடிக்கும்போது பெரும்பாலான ஈசியூக்கள் இன்ஜெக்டரை நிறுத்திவிடும். காற்று மட்டும் போய் உள்ளே தேங்கிய பெட்ரோலைக் காயவைக்கும்.

என் நோட்டில் இருந்தது அப்படியே இந்த அடையாளம்தான். காலை ஆறு மணிக்கு பானெட்டைத் திறந்து சென்சரின் கனெக்டரை உருவினேன். உள்ளே இரண்டு பின்னும் தெரியவில்லை. புளி போட்டுத் தேய்க்காமல் மாசக்கணக்கில் பரணில் கிடந்த பித்தளைக் குடத்தில் ஏறியிருக்குமே பச்சைக் களிம்பு, அந்த மாதிரி பச்சையாகப் பொடி அடைத்திருந்தது. ரப்பர் சீல் காய்ந்து சுருங்கி, வருஷக்கணக்காகக் கடல்காற்று உள்ளே போய் வந்திருக்கிறது. பொடியைச் சுரண்டிவிட்டு சென்சரின் பின்னில் மீட்டரை வைத்தால் 2,200 ஓம், அது நல்லபடியாகத்தான் இருந்தது. களிம்பின் தடை அதோடு சேர்ந்து, ஈசியூவுக்கு இன்ஜின் உறைந்து கிடப்பதாகச் செய்தி போயிருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிரஷ் போட்டு, உலரவிட்டு மாட்டினேன். மறுநாள் காலை இரண்டு சுற்றில் பிடித்தது. ஆர்பிஎம் 1,400க்கு ஏறி, மெதுவாக இறங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

களிம்பு ஏறிய கனெக்டர் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. புதுப்பேட்டையில் அதே மாதிரி வண்டியிலிருந்து அரை அடி ஒயரோடு வெட்டிய கனெக்டர் கிடைக்கும். அதை வாங்கி, ஒயரை முறுக்கி டேப் சுற்றாமல், சால்டர் வைத்து ஸ்லீவ் போட்டு இணையுங்கள். சென்சரே போயிருந்தால் பழையது வாங்காதீர்கள். ஜி.பி. ரோட்டில் புதுசாக வாங்கிவிடுங்கள். மாற்றும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், சூடாக இருக்கும்போது கழற்றினால் கொதிக்கும் கூலன்ட் கையில் அடிக்கும்.

ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் தெரிந்தவர் என்றால் இன்னொரு வழி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவியை ஆன் செய்து, கூலன்ட் சூட்டையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 24, கூலன்ட் மைனஸ் 5 என்று காட்டினால் வேறு எங்கேயும் தேட வேண்டாம். போனோடு இணைக்கும் மலிவு ஸ்கேனர்கள் இந்த வயசு வண்டிகளோடு பல நேரம் பேசாது.

ஸ்டார்ட் ஆகி உடனே அணைந்தால்

ஆக்சிலரேட்டரில் கால் வைத்திருக்கும் வரை ஓடுகிறது, காலை எடுத்ததும் அணைகிறது என்றால் ஐடில் வால்விலும், இன்ஜினுக்குள் காற்று போகும் வாயான த்ராட்டில் பாடியிலும்தான் கோளாறு. உள்ளே கரி படிந்து காற்று போகும் வழி அடைத்திருக்கும். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஆஃபில், த்ராட்டில் கிளீனர் அடித்துத் துணியால் துடைத்தால் போதும். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் அந்தத் தகட்டை விரலால் தள்ளாதீர்கள். வாக்குவம் குழாய்களில் வெடிப்பு இருந்தால் உஸ் என்று சத்தம் கேட்கும். இரண்டு அடி நீளக் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையால் தேடினால் இடம் தெரியும். ஃபேன், பெல்ட் பக்கம் குழாய் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் காலையில் மட்டும் தொல்லை என்றால் வால்வு கிளியரன்ஸைப் பார்க்க வேண்டும், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையில் விடும் மெல்லிய இடைவெளி. கேஸில் அதிகம் ஓடிய வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து கிளியரன்ஸ் இறுகிப்போகும். சில சின்ன இன்ஜின்களில் சூடானால் கிளியரன்ஸ் கூடும் என்பதால், குளிரும்போது வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் விட்டுப்போகும், சூடானதும் சரியாகிவிடும். டியூனிங் தெரிந்த மெக்கானிக்குக்கு ஒரு மணி நேர வேலை.

மழைத் தண்ணீரில் நின்ற வண்டிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கழிந்த மறுநாள், தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டு இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்துக்கு வந்திருந்தால் செல்ஃப் அடிக்காதீர்கள். உள்ளே போன தண்ணீரை பிஸ்டன் அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பல சின்ன கார்களில் ஈசியூ டேஷ்போர்டுக்குக் கீழேதான் இருக்கிறது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றுவழியாகப் போய்விடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வேறு வண்டியில் ஏற்றித்தான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நீங்கள் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள், ஆனால் காலையில் ஓட்டிக்கொண்டு போய்க் கொடுக்காதீர்கள். முந்தின நாள் சாயங்காலமே வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, "அண்ணே, நைட் இங்கேயே நிக்கட்டும். காலையில நீங்களே முதல் செல்ஃப் அடிச்சுப் பாருங்க, அதுக்கு முன்னாடி யாரும் சாவி போட வேணாம்" என்று சொல்லுங்கள். நோட்டில் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். ஆக்சிலரேட்டர் மிதித்தால்தான் பிடிக்கிறதா, சாவி வித்தைக்குப் பிடிக்கிறதா, புகை எந்த நிறம் என்ற மூன்றும் அதில் கட்டாயம் இருக்கட்டும்.